அட்டமியில் புறப்பட்ட பாலிப் பயணம்

மார்ச் 6, 2022, ஞாயிறு – சிங்கப்பூர்

நாளை முதல் பாலித் தீவுக்கு நேரடியாக வந்திறங்கும் வெளிநாட்டுப் பயணிகள் கோவிட் தொற்றுக்காக விடுதி அறையில் தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை என்று இந்தோனேசிய அரசு அறிவித்திருக்கிறது. முதலில் மார்ச் 14 என்று சொல்லியிருந்தார்கள். பிறகு ஒரு வாரம் முன்னதாகக் கொண்டுவந்துவிட்டார்கள். 2020 ஏப்ரல் 2 அன்று வெளிநாட்டுப் பயணிகளுக்கு மூடப்பட்ட அந்த நாட்டின் கதவு, கடந்த ஆண்டு அக்டோபர் 14 அன்று பாலியில் மட்டும் பெயரளவுக்குத் திறந்தது. அப்போது அனுமதிக்கப்பட்ட 19 நாடுகளின் பட்டியலில் இந்தியா இருந்தது, சிங்கப்பூர் இல்லை. ஐந்து நாள் தனிமை, ஒரு லட்சம் டாலருக்குக் காப்பீடு, புறப்படும் முன்பே பெற வேண்டிய விசா என்று நிபந்தனைகள் நீண்டதால், திறந்த கதவு வழியாக நுழைய ஆளில்லை. முதல் நேரடிப் பன்னாட்டு விமானம் தோக்கியோவின் நரித்தா விமான நிலையத்திலிருந்து வந்திறங்கியதே இந்த ஆண்டு பிப்ரவரி 3 அன்றுதான். இடையில் ஒமிக்ரான் பரவியபோது தனிமைக் காலம் ஏழு நாளாகவும் பிறகு பத்து நாளாகவும் கூடியது. சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலில் முக்குளிப்பதற்காகப் போகிறவன் பத்து நாள் நான்கு சுவருக்குள் கிடப்பதென்றால், விடுப்பு அத்தனையும் அறையிலேயே கரைந்துவிடும்.

இப்போதைய விதிகளைச் சுருக்கமாகக் குறித்துவைக்கிறேன், பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படலாம். தடுப்பூசி முழுமையாகப் போட்டிருக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் பி.சி.ஆர் சோதனை; கோவிட் சிகிச்சைச் செலவை ஏற்கும் காப்பீடு; குறைந்தது நான்கு நாளுக்குப் பணம் கட்டிய விடுதிப் பதிவு; இறங்கியதும் ஒரு பி.சி.ஆர், அதன் முடிவு வரும்வரை அறைவாசம். மூன்றாம் நாள் விடுதியிலேயே இன்னொரு பி.சி.ஆர். இவற்றோடு, 23 நாட்டினருக்கு விமான நிலையத்திலேயே விசா கிடைக்கும், கட்டணம் 5 லட்சம் ரூப்பியா. சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இருக்கிறது, இந்தியா இல்லை. எப்போதும் என்னோடு கடலில் இறங்கும் நண்பர் சிங்கப்பூர் நிரந்தரவாசிதான் என்றாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் என்பதால், இந்த முறை வர இயலவில்லை. அவருக்குப் பதிலாக என் தங்கை கணவர் வருகிறார். அவரும் தேர்ந்த முக்குளிப்பாளர்தான், ஆனால் கடலுக்கடியில் வழிகாட்டி ஒரு நண்டைக் காட்டினால் அதன் முன்னாலேயே கால் மணி நேரம் தங்கிவிடுகிற ஆள்.

எங்கே போவது என்பதில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. மாப்பிள்ளைக்கு ராஜா அம்பாட் தீவுகள் மீது ஆசை. மேற்குப் பாப்புவாவில் சொரோங் நகருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து சுமார் இரண்டு மணி நேரப் படகுப் பயணத்தில் வைசாய் சேர வேண்டும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அங்கே கடல் நன்றாக இருக்கும் என்பதால், மார்ச் மாதம் பொருத்தமானதே. மீனியல் அறிஞர் ஜெரி ஆலன் 2012-இல் கேப் கிரி என்ற ஒரே இடத்தில், ஒரே முக்குளிப்பில் 374 வகை மீன்களை எண்ணிய கடல் அது, ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் மூன்றாம் நாள் பி.சி.ஆர் முடிவு கைக்கு வரும்வரை பாலியை விட்டு நகர முடியாது. அதன் பிறகு மக்காசார் வழியாகச் சொரோங், அங்கிருந்து படகு என்று கணக்குப் போட்டால், பத்துப் பன்னிரண்டு நாள் விடுப்பில் பாதி சாலையிலும் வானத்திலும் போய்விடும். தொலைதூரத் தீவு ஒன்றில் தொற்று உறுதியானால், நமக்கு மட்டுமல்ல, மருத்துவ வசதி குறைந்த அந்த ஊருக்கும் சுமை. கொமோடோ தீவுக்கும் இதே வாதம் ஓரளவு பொருந்தும். கப்பலிலேயே தங்கி முக்குளிக்கும் லிவ்அபோர்டு பயணங்களில் தனிமைக் காலத்தைக் கழிக்கலாம் என்று பிப்ரவரியில் பாலியில் ஓர் ஏற்பாடு வந்தது. ஆனால் குளிர்சாதன அறைகளில் பத்துப் பதினைந்து பேர் நெருங்கி வாழும் படகில் ஒருவருக்குத் தொற்று வந்தால் எல்லாருடைய பயணமும் அன்றோடு முடியும். தவிர, 2020-க்கென ஒரு நிறுவனத்திடம் கட்டிய முன்பணம் பணமாகத் திரும்பாமல், 'பிறகு வாருங்கள்' என்ற கடிதமாகவே இன்றுவரை இருக்கிறது. ஆகவே பாலி மட்டும், கரையில் தங்கி, பணம் திரும்பக் கிடைக்கும் பதிவுகளோடு என்று முடிவாயிற்று.

தேதியை முடிவு செய்தது விதிகள் அல்ல, நிலா. பாலிக்குத் தென்கிழக்கே உள்ள நூசா பெனிடா தீவைச் சுற்றியுள்ள நீரோட்டம் பெயர் பெற்றது. பசிபிக் பெருங்கடலிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்கு வழியும் நீரின் ஒரு பகுதி லொம்போக் நீரிணை வழியாகத்தான் போகிறது. அதன் மேல் ஓதமும் (கடலின் ஏற்றவற்றம்) சேரும்போது, பாறைச் சுவரோரம் நீரோட்டம் கீழ்நோக்கி இழுக்கும் இடங்கள் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாகவும், அட்டமியை ஒட்டிச் சிறிதாகவும் இருக்கும். மார்ச் 10 வளர்பிறை அட்டமி; 18 பங்குனி உத்திரப் பௌர்ணமி. எனவே கட்டாயமாக ஒரே விடுதியில் தங்க வேண்டிய முதல் நான்கு நாளைப் பாலியின் தென்கிழக்குக் கரையிலுள்ள சானூரில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து அமைதியான நாட்களில் பெனிடாவுக்குப் படகில் போய்வருவது. பௌர்ணமி நெருங்கும்போது நீரோட்டம் குறைந்த வடகிழக்குக் கரையின் துலாம்பெனுக்கு மாறுவது. அரசின் நாட்கணக்கும் கடலின் நாட்கணக்கும் இவ்வளவு அழகாகப் பொருந்திவந்தது தற்செயல்தான். அட்டமியில் புறப்படுகிறோம் என்று கேள்விப்பட்ட அம்மாவுக்குத்தான் இதில் துளியும் உடன்பாடில்லை. 'அட்டமியில் தொட்டது துலங்குமா?' என்று கேட்டவரிடம் ஓத அட்டவணையை விளக்கிப் பயனில்லை.

மார்ச் 8, செவ்வாய் – சிங்கப்பூர்

மாப்பிள்ளைக்கு ஜனவரியில் கோவிட் வந்து போனது. இரண்டு நாள் காய்ச்சல், ஒரு வார இருமல். நீரில் இறங்குகிறவர்களுக்கு இது சாதாரணச் செய்தியல்ல. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரு மடங்கு; அங்கே நுரையீரலை நிறைக்கும் காற்று மேலே வரும்போது இரு மடங்காக விரியும். ஆரோக்கியமான நுரையீரலில் அந்தக் கூடுதல் காற்று மூச்சோடு வெளியேறிவிடும். தொற்றினால் தழும்போ சளியடைப்போ ஏற்பட்டு ஏதாவது ஒரு மூலையில் காற்று சிக்கிக்கொண்டால், அது நுரையீரலைக் கிழித்து இரத்தத்தில் குமிழாகக் கலந்துவிடக்கூடும். அதனால்தான் முக்குளிப்பு மருத்துவர்கள் 2020 முதலே, அறிகுறியோடு கோவிட் வந்தவர்கள் தகுதிச் சோதனை முடிந்த பிறகே மீண்டும் இறங்க வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். மாப்பிள்ளை நெஞ்சு எக்ஸ்ரே, மூச்சளவுச் சோதனை, படியேற்றச் சோதனை எல்லாம் முடித்து, இன்றைக்குத்தான் சான்றிதழ் வாங்கிவந்தார். அது கிடைக்காமல் போயிருந்தால் பயணத்தையே தள்ளிவைத்திருப்போம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

துலாம்பென், சானூர் இரண்டு ஊர்களிலும் உள்ள டைவ் கடைகளுக்கு எழுதிக் கேட்ட கேள்விகளும் வழக்கத்துக்கு மாறானவை. முன்பெல்லாம் விலை, படகு, வழிகாட்டி இவற்றைத்தான் கேட்போம். இம்முறை முதல் கேள்வி, சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரசரின் வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்பது. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த இயந்திரத்தில் கரி வடிகட்டி ஈரம் உறிஞ்சிப் பயனற்றுப் போயிருக்கும். எண்ணெய் நெடியோ கார்பன் மோனாக்சைடோ கலந்த காற்றை ஆழத்தில் சுவாசித்தால், தரையில் தலைவலியோடு போவது அங்கே மயக்கத்தில் முடியும். அடுத்த கேள்வி, படகில் அவசரத்துக்கு வைத்திருக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருக்கிறதா என்பது. கடந்த ஜூலையில் டெல்டா அலையின்போது ஜாவாவில் மருத்துவமனைகளுக்கே ஆக்சிஜன் போதாமல், தொழிற்சாலைக்கானதையெல்லாம் மருத்துவத்துக்குத் திருப்பிவிட்ட நாடு அது. அப்போது கொடுக்கப்பட்ட சிலிண்டர்கள் திரும்பி வந்து நிரப்பப்பட்டனவா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. ஒரு கடை பதிலே எழுதவில்லை. மற்றவை படத்தோடு அனுப்பின. பதில் எழுதாத கடையை விட்டுவிட்டோம்.

மார்ச் 10, வியாழன் – சானூர்

சாங்கியிலிருந்து இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான பறப்பு. ஆனால் நுராராய் விமான நிலையத்தில் இறங்கியவுடன் காகிதங்களின் ஊர்வலம் தொடங்கிவிட்டது. தடுப்பூசிச் சான்று, பி.சி.ஆர் முடிவு, காப்பீடு, விடுதிப் பதிவு என்று ஒவ்வொரு மேசையிலும் ஒன்றைப் பார்த்தார்கள். பெதுலி லிந்துங்கி என்ற அரசுச் செயலியில் நம் விவரம் ஏறியிருக்க வேண்டும். வெளிநாட்டில் தடுப்பூசி போட்டவர்கள் அதற்கென உள்ள சுகாதார அமைச்சின் தளத்தில் முன்கூட்டியே சான்றைப் பதிவேற்றிச் சரிபார்த்துக்கொள்ளாவிட்டால், பேரங்காடியின் வாசலில்கூட நிறுத்திவிடுவார்கள். இதைச் சிங்கப்பூரிலேயே முடித்துவிடுவது நல்லது.

விமான நிலையத்திலேயே மூக்கில் குச்சி விட்டுச் சோதனை எடுத்தார்கள். விடுதிக்காரர் அனுப்பிய வண்டியில் வேறெங்கும் நிற்காமல் நேராக அறை. இந்த விடுதிகள் எல்லாம் சுகாதார, பாதுகாப்புச் சான்று பெற்றவையாக இருக்க வேண்டும் என்பது விதி. கதவுக்கு வெளியே ஒரு முக்காலி; அதில் மதியச் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தட்டிவிட்டுப் போனார்கள். சோறு, கோழி, எலுமிச்சைப்புல்லும் சின்ன வெங்காயமும் பச்சையாக அரிந்து எண்ணெய் விட்ட சம்பால். காரம் நம்மவர்களுக்குச் சரியாக இருக்கும். சன்னலிலிருந்து கடல் தெரிந்தது, போக முடியவில்லை.

மார்ச் 11, வெள்ளி – சானூர்

காலையில் இருவருக்கும் தொற்றில்லை என்று முடிவு வந்தது. உடனே டைவ் கடைக்குப் போய்விட்டோம்.

கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர், வாய்க்கு வாய் 'பாக்' என்று மரியாதையோடு விளித்துப் பேசினார். கம்ப்ரசர் அறைக்குள் அழைத்துப்போய், வடிகட்டி மாற்றிய தேதி எழுதிய அட்டையைக் காட்டினார். 2020 மார்ச்சுக்கும் 2021 அக்டோபருக்கும் இடையில் அட்டையில் ஒரு பதிவும் இல்லை. அந்த இடைவெளியில் கடையில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஊருக்குப் போய் வயலில் இறங்கிவிட்டார்களாம். இரண்டு பேர் மட்டும் திரும்பி வந்திருக்கிறார்கள். 2019-இல் பாலிக்கு வந்த வெளிநாட்டவர் 62 லட்சத்துக்கும் அதிகம். 2021 முழுவதிலும் நேரடியாக வந்து இறங்கியவர்கள் அரசுக் கணக்கில் நூறைக்கூட எட்டவில்லை. உணவகம், விடுதி, வண்டி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்றாலும், டைவ் கடைக்குக் கூடுதல் சுமை ஒன்று உண்டு: ஆள் வராவிட்டாலும் ரப்பர் இற்றுப்போகும், வால்வுகளில் உப்புப் பூக்கும், சிலிண்டருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய அழுத்தச் சோதனையின் தேதி வந்துகொண்டே இருக்கும்.

அந்தக் காலத்தில் அரசு செய்த ஒரு காரியத்தை அவரே சொன்னார். பொருளாதார மீட்பு நிதியிலிருந்து 2020 இறுதியில் பாலியின் கடலோரத்தில் 50 எக்டேர் பரப்பில் பவளத்தோட்டம் அமைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். நூசா துவா, செரங்கான், சானூர், பண்டாவா, புலெலெங் ஆகிய இடங்களில், வேலையிழந்த முக்குளிப்பாளர்களும் மீனவர்களும் இரும்புச் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலுக்கடியில் நட்டார்கள். அவரும் சில வாரம் அந்தக் கூலி வாங்கியவர். 'பவளம் வளர்வது ஆண்டுகளில் தெரியும், கூலி வாரத்தில் தெரிந்தது' என்றார்.

தொற்றுக் காலத்து நடைமுறைகளை இறங்குமுன் ஒரு தடவை பேசிக்கொண்டோம். டைவிங் கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க எச்சில் துப்பித் தேய்க்கும் பழக்கம் இப்போது கூடாது. குழந்தை ஷாம்பு இருக்கிறது. வாயில் வைத்துச் சுவாசிக்கும் ரெகுலேட்டரை மற்றவற்றோடு ஒரே தொட்டியில் அலச மாட்டார்கள்; தனித் தொட்டி, கிருமிநாசினி, பிறகு நல்ல தண்ணீர். ஒருவர் கருவியை மற்றவர் சரிபார்க்கும் வழக்கமான சோதனையில் துணையின் மாற்று ரெகுலேட்டரை வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. அவரவர் தம்முடையதைச் சுவாசித்துக் காட்ட, மற்றவர் பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஆழத்தில் காற்றுத் தீர்ந்தால் பகிர்ந்தே ஆக வேண்டும், அங்கே கோவிடைப் பற்றி யாரும் யோசிக்கக் கூடாது என்பதையும் வழிகாட்டி அழுத்திச் சொன்னார். அவர் அதைச் சொன்னதில் எனக்கு நிம்மதி.

மார்ச் 12, சனி – நூசா பெனிடா

முழங்கால் ஆழத் தண்ணீரில் நடந்து படகேறி, முக்கால் மணி நேரத்தில் பெனிடா. தெற்குக் கரையின் மாந்தா பாயிண்டில் அலை பெரிது. செங்குத்தான சுண்ணாம்புப் பாறையில் மோதித் திரும்பும் நீர் கீழேயும் நம்மை முன்னும் பின்னுமாக ஆட்டும். ஆனால் நீரோட்டம் அட்டமிக்கு ஏற்றபடி அடக்கமாகவே இருந்தது.

மாந்தா திருக்கைகள் அங்கே ஒரு பாறையின் மேல் வந்து நிற்கும். சின்ன மீன்கள் அவற்றின் உடலிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். நாங்கள் பாறையைத் தொடாமல் ஓரமாக மிதந்து காத்திருந்தோம். முதலில் வந்தது என் தலைக்கு மேலாகக் கடந்தபோது, வயிற்றின் வெண்மையில் செவுள் பிளவுகளுக்கு இடையே சிதறிய கரும்புள்ளிகள் நன்றாகத் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் புள்ளிகளின் அமைப்பு வேறு என்பதால், படமெடுத்து அனுப்பினால் ஆய்வாளர்கள் எது எது என்று சொல்லிவிடுவார்கள். இந்தோனேசியா 2014-இல் தன் கடல் முழுவதிலும் மாந்தாவைப் பிடிப்பதைத் தடை செய்தது. உயிரோடு இருக்கும் மாந்தா பல ஆண்டுகளுக்குப் பயணிகளை இழுக்கும் என்ற கணக்கும் அந்தத் தடையின் பின்னால் இருந்தது. பயணிகளே வராத இரண்டு ஆண்டுகளில் அந்தக் கணக்கு என்ன ஆயிற்று என்பதை யாராவது ஆராய வேண்டும்.

மழைக்காலத்தின் கடைசி என்பதால் குப்பை மிதந்தது. பைகள், ஷாம்பு உறைகள், ஒரு நீல நிற முகக்கவசம், அதன் காது நாடாவில் சிக்கிய ஓர் இலை. மாந்தா வாயைத் திறந்து நீரை வடிகட்டி உண்ணும் விலங்கு. இங்கே அது மணிக்கு 63 பிளாஸ்டிக் துண்டுகள்வரை விழுங்கக்கூடும் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வழிகாட்டி அந்த முகக்கவசத்தை எடுத்துத் தன் பையில் திணித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் வடக்குக் கரையோரம் ஆழம் குறைந்த நீரில் வரிசை வரிசையாகக் கயிறு கட்டியிருந்தது. கடற்பாசி வளர்ப்பு. சுற்றுலா செழித்த ஆண்டுகளில் பெனிடாவிலும் பக்கத்து லெம்போங்கானிலும் பலர் கைவிட்ட இந்தத் தொழிலுக்குத் தொற்றுக் காலத்தில் மறுபடி வந்துவிட்டார்கள். ஒரு கணவனும் மனைவியும் இடுப்பளவு நீரில் நின்று, கயிற்றின் ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு பிடிப் பாசியைச் செருகிக்கொண்டிருந்தார்கள். கரையில் நீலத் தார்ப்பாயில் காயவைத்த பாசியின் வாடை படகுவரை வந்தது. எங்கள் படகோட்டியின் வீட்டிலும் இரண்டு பாத்தி இருக்கிறதாம். விடப்போகிறீர்களா என்று கேட்டதற்கு, இரண்டு ஆண்டுக்கு விடுவதாக இல்லை என்றார்.

மாலை ஆறு மணிக்கு மூன்றாம் நாள் பி.சி.ஆர். அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு பாலியில் 2,75,000 ரூப்பியா. செவிலியர் குச்சியை உள்ளே விட்டதும் மாப்பிள்ளையின் மூக்கிலிருந்து ஒரு கரண்டிக் கடல்நீர் அவர் கையுறை மேல் கொட்டியது. முக்குளித்த அன்றே சோதனை எடுப்பவர்கள் முன்னதாக நன்றாகக் குனிந்து மூக்கைச் சிந்திவிட்டுப் போகவும்.

மார்ச் 14, திங்கள் – துலாம்பென்

நேற்று பெனிடாவின் தோயாபக்கேயில் மிதந்தோம். நீரோட்டம் அதற்குள் விசை கூடியிருந்தது. மூன்றாம் நாள் முடிவும் தொற்றில்லை என்று வந்துவிட்டதால் இன்று கிழக்குக் கரையோரச் சாலையில் மூன்று மணி நேரம். சாலைநெடுக ஆகுங் எரிமலை மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது.

மார்ச் 16, புதன் – துலாம்பென்

இந்த ஊரின் பெயர் உலகத்து முக்குளிப்பாளர்களுக்குத் தெரிந்தது ஒரு கப்பலால். யு.எஸ்.ஏ.டி லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல், ரயில்வே உதிரிப் பாகங்களும் ரப்பரும் ஏற்றிக்கொண்டு போனபோது, 1942 ஜனவரி 11 அன்று லொம்போக் நீரிணையருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-166 எறிந்த டார்பிடோவால் தாக்கப்பட்டது. இரண்டு போர்க்கப்பல்கள் அதை வடக்கே சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப்போக முயன்றன. நீர் ஏறிக்கொண்டே போனதால் துலாம்பென் கரையிலேயே தரைதட்ட விட்டார்கள். இருபது ஆண்டுக்கு மேல் கரையில் கிடந்த அந்தக் கப்பலை, 1963-இல் ஆகுங் வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வு கடலுக்குள் தள்ளிவிட்டது. இப்போது ஐந்து மீட்டரில் தொடங்கி முப்பது மீட்டர்வரை, கருமணல் சரிவில் ஒருக்களித்துக் கிடக்கிறது. படகு தேவையில்லை, கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். தொற்றுக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது: மூடிய அறை இல்லை, கூட்டம் இல்லை, ஏதாவது ஆனால் ஆம்புலன்ஸ் வரும் சாலை பக்கத்திலேயே இருக்கிறது. உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழாவதால் வரும் அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை தென்பசாரின் சங்லா மருத்துவமனையில் உண்டு என்பதையும் நாங்கள் முன்பே குறித்துவைத்திருந்தோம்.

கரை முழுதும் உருண்டைக் கற்கள், காலில் இரண்டு கிலோ துடுப்புச் செருப்போடு நடந்தால் கணுக்கால் பிசகும். இந்தக் கற்களின் மேல்தான் ஊர்ப் பெண்கள் சிலிண்டர்களைத் தலையில் சுமந்து வருகிறார்கள். எங்களுடையதைத் தூக்கியவருக்கு அறுபது வயதிருக்கும். துண்டை முறுக்கிச் சும்மாடு கூட்டி, ஒரு சிலிண்டரைக் குறுக்கே வைத்து, அதன் மேல் இன்னொன்றை வைத்தார். இரண்டும் சேர்ந்து முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் என் எடைப்பட்டையையும் வாங்கிக்கொண்டார். கிராமத்துச் சுமை தூக்குவோர் குழுவில் முறை வைத்து ஆள் அனுப்புகிறார்கள். டைவ் கடையே தூக்கிக்கொள்ளக் கூடாது. இப்படி ஓர் ஒழுங்கு இருப்பதால்தான் ஊருக்குள் பணம் வருகிறது, அதே காரணத்தால் பயணிகள் நின்றபோது ஊர் முழுவதும் ஒரே நாளில் நின்றது.

'இரண்டு வருஷம் என்ன செய்தீர்கள், இபு (அம்மா)?' என்று வழிகாட்டி மூலம் கேட்டேன்.

'மேலே சோளம் போட்டோம். மாடு வளர்த்தோம். தலை சும்மா இருந்தது, அதுதான் பழக்கமில்லை' என்று சிரித்தார்.

மார்ச் 18, வெள்ளி – துலாம்பென்

பங்குனி உத்திரம். சிங்கப்பூரில் காவடி எடுக்கிற ஊரைவிட்டு இங்கே விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கற்கரையில் நிற்கிறேன். எதிர்பார்த்தபடியே ஓதம் பெரிது; பெனிடாவில் இன்றைக்குக் காலைப் படகுகள் பல இடங்களைத் தவிர்த்துவிட்டதாகச் சானூர்க் கடைக்காரர் செய்தி அனுப்பினார். துலாம்பெனில் கரையோரம் லேசான இழுப்பு மட்டுமே.

இவ்வளவு சீக்கிரம் இறங்குவதற்குக் காரணம், நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் இரவில் கப்பலுக்குள் உறங்கிவிட்டுப் புறப்படும் நேரம் இது. விளக்கை அணைத்துவிட்டுச் சரக்கறை இருந்த இடத்தின் எதிரே நிற்க, ஒரு மீட்டர் நீளமுள்ள அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பவளத்தைக் கடித்து நொறுக்கும் அந்தப் பல்வரிசை, அரை வெளிச்சத்திலும் வெள்ளையாகத் தெரிந்தது. முன்பு இந்த நேரத்துக்கே நாற்பது ஐம்பது பேர் விளக்கோடு வந்துவிடுவார்கள் என்று வழிகாட்டி சொன்னார். இன்று எங்கள் மூவரைத் தவிர ஜகார்த்தாவிலிருந்து வந்த ஒரு தம்பதி. ஆளில்லாத கப்பல் மீனுக்கு நல்லதுதானே என்று மாப்பிள்ளை கேட்டார். வழிகாட்டியின் முகத்தைப் பார்த்ததும் அவரே பேச்சை மாற்றினார்.

மார்ச் 20, ஞாயிறு – சானூர்

நேற்றுக் காலையோடு முக்குளிப்பை முடித்துக்கொண்டோம். திரும்பும் திட்டத்தில் நான் மிகவும் கவனம் செலுத்தியது இந்த நாளின் மேல்தான். பல நாள் தொடர்ந்து இறங்கிய உடலில் நைட்ரஜன் கரைந்திருக்கும். அது வெளியேறக் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது என்பது பொதுவான பரிந்துரை, நாங்கள் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்வோம். விமானம் மட்டுமல்ல, மலைச்சாலையும் இதில் சேரும்: துலாம்பெனிலிருந்து கிந்தாமணி வழியாக வந்தால் 1,500 மீட்டர் உயரம்வரை ஏற வேண்டும். ஓட்டுநர் அந்த வழியில் காட்சி நன்றாக இருக்கும் என்று ஆசை காட்டினார்; கரையோரமாகவே வந்தோம்.

சிங்கப்பூர் திரும்பப் புறப்பாட்டுக்கு முந்தைய இரண்டு நாளுக்குள் ஒரு சோதனை வேண்டும், ஏ.ஆர்.டி என்ற விரைவு ஆன்டிஜென் சோதனை போதும். உடலை உலரவிடும் நாளிலேயே அதை வைத்துவிட்டால் ஒரு நாளும் வீணாவதில்லை. முடிவு அரை மணியில் வந்தது. தொற்று உறுதியாகியிருந்தால், தங்க இடமும் விடுப்பும் கையில் இருக்கும்படி நான்கு நாள் மிச்சம் வைத்திருந்தேன்.

சோதனைக்குப் பிறகு ஒரு வாருங்கில் (சிறு உணவகம்) சோறு சாப்பிட்டபோது, கடையே தொலைக்காட்சி முன் கூடியிருந்தது. பக்கத்துத் தீவான லொம்போக்கின் மண்டலிகாவில் மோட்டோ ஜிபி மோட்டார்சைக்கிள் பந்தயம். கொட்டும் மழையில் தொடங்க முடியாமல் நிற்க, மழையை விலக்க அமர்த்தப்பட்ட ஒரு பெண்மணி வெறுங்காலோடு பாதையில் நடந்து வழிபாடு செய்தார். மழை விட்டது, பந்தயம் நடந்தது, கடைக்காரர் எங்களிடம் 'பார்த்தீர்களா' என்பதுபோல் திரும்பினார். இந்த வார இறுதியில் பாடாங் பாயிலிருந்து லொம்போக் போகும் படகுகளையும் கிலித் தீவுகளையும் நாங்கள் தவிர்த்ததற்கு இந்தப் பந்தயக் கூட்டமே காரணம்.

மார்ச் 25, வெள்ளி – சிங்கப்பூர்

திங்களன்று வீ.டி.எல் விமானத்தில் (தடுப்பூசி போட்டவர்கள் தனிமைப்படுத்தல் இல்லாமல் வர சிங்கப்பூர் செய்திருந்த ஏற்பாடு) திரும்பி, மறுநாள் சோதனை நிலையத்தில் ஏ.ஆர்.டி எடுத்து, வேலைக்கும் போயாயிற்று. நாங்கள் கிளம்பிய கையோடு விதிகள் மறுபடி மாறிவிட்டன. தனிமைப்படுத்தல் இப்போது இந்தோனேசியா முழுவதும் நீக்கப்பட்டிருக்கிறது. விமான நிலைய விசா 42 நாட்டினருக்கு விரிந்திருக்கிறது, அதில் இந்தியாவும் உண்டு. சிங்கப்பூரும் ஏப்ரல் 1 முதல் வீ.டி.எல் ஏற்பாட்டைக் கைவிட்டு, தடுப்பூசி போட்ட எல்லாரையும் ஒரே விதமாக அனுமதிக்கப்போவதாக நேற்று அறிவித்தது.

இந்தியக் கடவுச்சீட்டு நண்பர் செய்தி பார்த்த அன்றே அழைத்துவிட்டார். ராஜா அம்பாட்டை அக்டோபர் கடைசிக்கு என்று பேசிவைத்திருக்கிறோம். அங்குள்ள கடல் பூங்காவுக்கு அனுமதிச்சீட்டு வேண்டும், பன்னிரண்டு மாதம் செல்லும். அதைப் போய் இறங்கியபின் வாங்கிக்கொள்ளலாம். முன்பணக் கடிதம் தந்த நிறுவனத்துக்கு எழுதியதில், அதை ஏற்பதாகவும், ஆனால் 2020-ஆம் ஆண்டு விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்ட வேண்டும் என்றும் பதில் வந்தது. கட்டுகிறேன், ஆனால் படகு புறப்படுவதற்கு முப்பது நாள் முன்புதான் கட்டுவேன், தொற்றால் பயணம் நின்றால் பணமாகத் திருப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ளும்வரை சொரோங்குக்கு விமானச்சீட்டு வாங்குவதாக இல்லை.